உடலையும் சேர்த்துக்கொள்ளும் பக்தி: ஜெபம், உபவாசம், ஓய்வு, ஆராதனை ஆகியவற்றை நலவாழ்வுக்கு உதவும்படி அமைத்துக்கொள்ளும் முறை

ஞாயிறு ஆராதனையைத் தவறவிடமாட்டார். குடும்ப ஜெபத்தை ஒருநாளும் விடமாட்டார். லெந்து என்னும் தவக்கால நாட்களில் இறைச்சியின் பக்கம் திரும்பமாட்டார். ஆனால் சர்க்கரையைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார் என்று கேட்டால் நெடுநேரம் யோசிப்பார். இப்படிப்பட்டவர் ஒருவராவது இல்லாத சபையையோ பங்கையோ தமிழ்நாட்டில் காண்பது கடினம். பக்தி ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நடக்கும் இந்த வழக்கத்தை மாற்றி, நாம் ஏற்கெனவே கைக்கொண்டுவரும் ஜெபம், உபவாசம், ஓய்வுநாள், ஆராதனை ஆகியவற்றையே உடல்நலத்துக்கும் உதவும்படி அமைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். சீர்திருத்த சபையார், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் ஆகியோரின் வழக்கங்கள் வேறுபடும் இடங்களில் அந்த வேறுபாட்டைச் சுட்டியிருக்கிறேன்.

விசுவாசம் உடலுக்கு நன்மை செய்யும் வழிகளில் பெரும்பாலானவை எளிதில் விளங்கக்கூடியவையே. அது நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது, குடியிலிருந்தும் புகையிலிருந்தும் விலகி நிற்கக் காரணம் தருகிறது, துயரத்தைச் சொல்ல மொழி தருகிறது, இரண்டு வாரம் ஆலயத்தில் காணாவிட்டால் வீடு தேடி வந்து விசாரிக்க நாலு பேரைத் தருகிறது. அமெரிக்காவில் 74,000-க்கும் மேற்பட்ட செவிலியரை 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஆராதனைக்குச் சென்ற பெண்களிடையே, ஒருபோதும் செல்லாதவர்களைவிட இறப்பு விகிதம் 33 விழுக்காடு குறைவாக இருந்தது. உறவுகளின் ஆதரவு, குறைந்த மனச்சோர்வு, புகையைத் தவிர்த்தல் ஆகியவை அந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்குவதாக ஆய்வாளர்களே குறித்தார்கள். இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, இதனால்தான் இது என்று முடிவாக நிறுவாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னோர் ஆய்வையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2006-இல் வெளியான அந்த ஆய்வில், அமெரிக்காவின் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரில் ஒரு பகுதியினருக்காக, அவர்களை அறியாதவர்கள் ஜெபித்தார்கள். ஜெபிக்கப்படலாம், படாமலும் போகலாம் என்று சொல்லப்பட்ட இரு பிரிவினரிடையே, ஜெபத்தால் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தமக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்திருந்தவர்களிடையே சிக்கல்கள் 59 விழுக்காடாகச் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. கடவுள் ஆய்வுக்கூடத்தின் அளவுகோலுக்குள் அடங்குவார் என்று எதிர்பார்ப்பதே தவறு என்று ஒரு விசுவாசி இதற்கு விடை சொல்லலாம். அது நியாயமான விடைதான். அப்படியானால் அதே விசுவாசி, இத்தனை நாள் ஜெபித்தால் இந்த நோய் தீரும் என்று கணக்குப் போடுவதையும் விட்டுவிட வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லா வழிமுறைகளும் அந்தக் கணக்கைக் கைவிட்டவருக்கே பயன்படும்.

காலை ஜெபம்

காலை ஜெபத்துக்கு ஓர் இடமும் நேரமும் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே உண்டு. மாறாத நேரம் என்பது மருந்து உட்கொள்பவருக்குக் கிடைத்த பெரிய வசதி. மாத்திரைப் பெட்டியை வேதாகமத்தின் அருகிலேயே வையுங்கள். குழந்தைகள் உள்ள வீடானால் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இரண்டையும் வையுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, காப்பி குடிக்குமுன் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை காத்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். எழுந்ததும் மாத்திரை, பிறகு ஜெபமும் வேத வாசிப்பும், அதன் பிறகு காப்பி என்று வைத்துக்கொண்டால் காத்திருக்கும் நேரம் வீணாவதில்லை.

இரத்த அழுத்தத்தை வீட்டில் அளப்பவர்களுக்கும் இது பொருந்தும். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. மௌன ஜெபம் முடிந்த கையோடு அளந்தால் அந்த விதி தானாக நிறைவேறிவிடும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் முழங்காற்படியிட்டே தீர வேண்டும் என்று வருந்த வேண்டியதில்லை. வேதாகமத்தில் நின்று ஜெபித்தவர்களும் உண்டு, தரையில் விழுந்து ஜெபித்தவர்களும் உண்டு. தாவீது அரசர் கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து ஜெபித்ததாக இரண்டாம் சாமுவேல் ஏழாம் அதிகாரம் சொல்லுகிறது.

மூச்சைப் பற்றி ஒரு செய்தி. 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஜெபமாலையின் மரியே வாழ்க ஜெபத்தை இலத்தீன் மொழியில் சொல்லும்போது அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறையாகக் குறைந்ததும், இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் உடலின் இயல்பான செயல்பாடு வலுப்பெற்றதும் தெரியவந்தன. யோக மந்திரத்தை உச்சரித்தபோதும் இதே விளைவு காணப்பட்டது. இதைக் கேட்டுச் சிலர் மனங்கோணக்கூடும். எனக்கு இதில் சங்கடம் ஏதும் இல்லை. மெதுவான மூச்சு எல்லா மனிதருக்கும் ஒரே விதமாக நன்மை செய்கிறது. ஜெபமாலை சொல்லும் கத்தோலிக்கர்கள் வேகத்தைக் குறைத்து, முதல் பாதியை ஒருவரும் மறுபாதியை மற்றவர்களுமாகச் சொல்லும் பழைய வழக்கத்தைக் கடைப்பிடிக்கலாம். மற்றவர்கள் எரிகோவின் குருடன் பர்திமேயு கூப்பிட்ட குறுகிய மன்றாட்டை எடுத்துக்கொள்ளலாம். “இயேசுவே, தாவீதின் குமாரனே” என்று மூச்சை உள்ளிழுக்கும்போது மனத்துக்குள் சொல்லி, “எனக்கு இரங்கும்” என்று நிதானமாக வெளிவிட வேண்டும். பத்து நிமிடம் போதும். ஆஸ்துமாவோ வேறு நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மூச்சை வலிந்து அடக்க வேண்டாம். வருகிற மூச்சுக்கு ஏற்பச் சொற்களை அமைத்துக்கொண்டால் போதும்.

உபவாசம்

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். லெந்து காலத்தை, கத்தோலிக்கர் திருநீற்றுப் புதன் என்று சொல்லும் சாம்பல் புதனிலிருந்து உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தைய நாள்வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். அதில் 6 ஞாயிறுகளை நீக்கினால் 40. ஞாயிறுகளை உபவாச நாட்களாக எண்ணாத இந்தப் பழைய கணக்கில், வாரத்துக்கு ஒரு நாள் உடலை இளைப்பாறவிடும் இரக்கம் அடங்கியிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறைந்தவர்கள்வரை மட்டுமே நோன்பு இருக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. அந்தக் கடமையும் திருநீற்றுப் புதன், புனித வெள்ளி ஆகிய இரண்டு நாட்களுக்கே உரியது. அன்றும் ஒரு முழு உணவும் இரண்டு சிற்றுணவும் கொள்ளலாம். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. சபையே இவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கும்போது, இன்சுலின் போடுகிற 65 வயதுப் பாட்டி 40 நாளும் மாலைவரை தண்ணீர்கூட அருந்தாமல் இருப்பதற்கு வேதமும் காரணமல்ல, சபையும் காரணமல்ல. யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லாததே காரணம்.

சர்க்கரை நோயாளர்கள் உபவாசத்தைத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளாமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயகரமாகக் குறையக்கூடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை உட்கொள்பவர்கள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. அப்போது சர்க்கரை அளவு மிக அதிகமாக இல்லாமலும் இருக்கலாம் என்பதால் ஆபத்து கண்ணில் படாமலே போகக்கூடும். சிறுநீரைப் பெருக்கும் இரத்த அழுத்த மாத்திரையை உட்கொள்பவர்கள் தண்ணீரையும் விட்டுவிட்டால் மயங்கி விழ நேரிடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரக நோயாளிகள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், உடல் இளைப்பதற்காக உணவை வெறுத்து நோயுற்ற அனுபவம் உள்ளவர்கள் ஆகியோர் உணவைத் தொடாத உபவாசத்தைத் தவிர்ப்பதே சரி.

ஆலயத்தில் உபவாசக் கூட்டம் நடக்கும்போது ஒருவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, பேச்சு குழறினால் அதை ஆவியின் அசைவு என்றோ சத்துருவின் போராட்டம் என்றோ எண்ணி நின்றுவிடக்கூடாது. சர்க்கரைமானி இருந்தால் உடனே பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலும், பார்க்க வழியே இல்லாவிட்டாலும், விழுங்கும் நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்த தண்ணீரைக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுத்து, பிறகு உணவு கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். உபவாச ஜெபம் நடத்தும் ஒவ்வொரு ஆலயத்திலும் ஒரு பொட்டலம் குளுக்கோஸும் ஒரு சர்க்கரைமானியும் இருப்பது, ஒலிபெருக்கி இருப்பதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

உணவை விட முடியாதவர் உபவாசமே இருக்க முடியாது என்பதில்லை. பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்ந்துகொள்வதே தாம் விரும்பும் உபவாசம் என்று ஏசாயா 58-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்லுகிறார். மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டு, மாலைப் பஜ்ஜியையும் தேநீரில் போடும் சர்க்கரையையும் 40 நாளுக்கு விட்டு, அந்தப் பணத்தை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பவர் முழு உபவாசம் இருந்தவரே. இரவு உணவுக்குப் பின் கைப்பேசியை எடுக்காமல் இருப்பதும் பலருக்கு இறைச்சியை விடுவதைவிடக் கடினமான நோன்பாக இருக்கும். உடல்நலம் உள்ளவர்கள் மதியம்வரையோ மாலைவரையோ உபவாசம் இருக்கலாம். ஆனால் அதை முடிக்கும் விதத்தில் கவனம் தேவை. பகல் முழுவதும் பட்டினி கிடந்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் பரோட்டாவும் எண்ணெயில் பொரித்த மீனுமாக வயிற்றை நிரப்பினால் உடலுக்குக் கிடைத்த ஓய்வு அந்த ஒரு வேளையிலேயே கரைந்துபோகும். கஞ்சியும் துவையலும் வைத்து உபவாசத்தை முடிக்கும் நம் ஊர்களின் பழைய பழக்கம் எல்லா வகையிலும் மேலானது.

இரவு ஜெபமும் தூக்கமும்

முதல் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி, போதும் என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். அவரைத் தேடிவந்த தூதன் கண்டிக்கவில்லை, போதிக்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டவர் மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பப்பட்டு மறுபடி சாப்பிடுகிறார். கர்த்தரின் மெல்லிய சத்தம் அதற்கு வெகு நாட்களுக்குப் பிறகே வருகிறது. சோர்ந்துபோன மனிதருக்கு எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் வரிசைப்படுத்திவிட முடியாது.

மாதத்தின் கடைசி வெள்ளியிலும் டிசம்பர் 31-ஆம் நாளிலும் முழு இரவு ஜெபம் நடத்துவது பல சபைகளின் வழக்கம். உடல்நலம் உள்ளவருக்கு ஓர் இரவு விழிப்பால் பெரிய கேடு வராது. வலிப்பு நோய் உள்ளவருக்குத் தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று. மன எழுச்சியும் தாழ்ச்சியும் மாறிமாறி வரும் இருமுனை மனநோய் உள்ளவருக்கு ஒரு முழு இரவு விழிப்பே நோயை மறுபடி கிளப்பிவிடக்கூடும். இவர்கள் பத்து மணிவரை கலந்துகொண்டு, இரவு மருந்தைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பட்டும். அப்படித் திரும்புகிறவரை, பாதியில் போகிறாரே என்ற பார்வையால் யாரும் குத்தாமல் பார்த்துக்கொள்வது போதகரின் பொறுப்பு. விடியற்காலையில் இரு சக்கர வாகனத்தில் தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்புவதும் ஆபத்தானது. ஆலயத்திலேயே இரண்டு மணி நேரம் படுத்து எழுந்துவிட்டுக் கிளம்பலாம்.

மற்ற நாட்களில் இரவு ஜெபம் தூக்கத்துக்கு வாசலாக அமையட்டும். கத்தோலிக்கத் துறவியர் படுக்குமுன் சொல்லும் இரவு மன்றாட்டில் நான்காம் சங்கீதம் இடம்பெறுகிறது. சமாதானத்தோடே படுத்து நித்திரை செய்வேன் என்று அது முடிகிறது. அன்றைய நாளை நினைவில் ஓட்டிப் பார்த்து, நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றி சொல்லி, வருந்த வேண்டியதற்கு வருந்தி, நாளைய கவலையை ஒப்படைத்துவிட்டு விளக்கை அணைப்பது பதினைந்து நிமிட வேலை. கடன், வழக்கு, பிள்ளையின் திருமணம் ஆகியவற்றைப் பற்றிய விண்ணப்பங்களைப் படுக்கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவை விண்ணப்பமாகத் தொடங்கிக் கவலையாக நீண்டு நடுநிசிவரை இழுத்துவிடும், காலைக்கு ஒத்திவையுங்கள்.

மனச்சோர்வும் புலம்பலும்

சங்கீத புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டப் புலம்பல்கள். 88-ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. ஆனால் நம் கூட்டங்களில் பாடப்படுபவை பெரும்பாலும் துதிப் பாடல்களாகவே இருப்பதால், துயரத்தில் இருப்பவர் தமக்கு அங்கே இடமில்லை என்று எண்ணி ஒதுங்குகிறார். துக்கத்தில் இருப்பவர் 13, 42, 88 ஆகிய சங்கீதங்களில் ஒன்றை வாய்விட்டு வாசித்து, அதன் நடையில் தம் சொந்த வார்த்தைகளில் ஒரு புலம்பலை நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்க்கலாம். கடைசியில் ஒரு துதி வரியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று தம்மை வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். கணவரையோ பிள்ளையையோ இழந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு இது குறிப்பாக உதவும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், அது மருத்துவம் பார்க்க வேண்டிய மனச்சோர்வாக இருக்கக்கூடும். விசுவாசக் குறைவு என்றோ மறைந்திருக்கும் பாவம் என்றோ அதற்குப் பெயரிடுவது கொடுமை. முதியவர்களான நோயாளிகளைப் பற்றி அமெரிக்காவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தன்மேல் அன்பு வைக்கவில்லை என்று எண்ணிப் போராடியவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. நோயாளியிடம் போய், இது உனக்கு வந்த தண்டனை என்று சொல்பவர் அவருடைய உடலுக்கே தீங்கு செய்கிறார் என்று எண்ணிப் பார்க்க இது இடம் தருகிறது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு சொன்னதை யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் எல்லோரும் வாசித்திருக்கிறோம். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம்; இலங்கையில் 1926 என்ற எண் உண்டு. பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ மனம்விட்டுப் பேசுவது பாரத்தைக் குறைக்கும். சாகும் எண்ணத்தைப் பற்றிப் பேசுகிறவரை அவர் ஜெபித்து அனுப்பிவிடாமல் மனநல மருத்துவரிடம் தாமே அழைத்துச் செல்ல வேண்டும்.

ஞாயிறும் ஐக்கியமும்

ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்றார் இயேசு. சபையின் முன்னணி ஊழியர்களுக்கோ ஞாயிறுதான் வாரத்தின் மிகக் கடினமான நாள். ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, கமிட்டி, மாலைக் கூட்டம் என்று ஓடுகிறவர் வேறொரு நாளில் அரை நாளாவது எந்தப் பொறுப்பும் இல்லாமல் இருக்கட்டும். வீட்டுப் பெண்களின் ஞாயிறைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். ஆராதனை முடிந்ததும் ஆண்கள் பேசிக்கொண்டு நிற்க, பெண்கள் கறிக்குழம்பு வைக்க விரைகிறார்கள்; சனிக்கிழமையே சமைத்து வைப்பதும், ஞாயிறு மதியச் சமையலை மற்றவர்கள் ஏற்றுக்கொள்வதும் ஓய்வுநாளைக் கைக்கொள்ளுவதன் பகுதியே.

சபைகள் எளிதில் தொடங்கக்கூடிய பணி, மாதம் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது. சபையில் செவிலியர் ஒருவராவது இல்லாத ஊர் நம்மிடையே அரிது. நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளின் அசன விருந்தில் ஆட்டுக்கறிக் குழம்பை யாரும் தடைசெய்ய வேண்டியதில்லை; பந்தியில் ஒரு காய்கறிக் கூட்டையும் சேர்த்துவிட்டால் போதும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியவர்களின் பட்டியல் ஒன்றைக் கத்தோலிக்க அன்பியக் குழுக்களும் சி.எஸ்.ஐ. சேகரங்களின் பெண்கள் ஐக்கிய சங்கங்களும் வைத்துக்கொண்டு, வாரம் ஒருவர் போய்ப் பார்க்கலாம். தனிமையே நோய்க்கு வழிவிடும்.

குணமாக்கும் ஜெபமும் மருத்துவரும்

நோய் நீங்க ஜெபிப்பது வேதத்துக்கு உகந்தது. ஜெபித்தவர் மருந்தை நிறுத்தச் சொல்வதற்கு வேதத்தில் இடமில்லை. எசேக்கியா அரசரின் ஜெபத்தைக் கேட்டுக் கர்த்தர் ஆயுளைக் கூட்டிக்கொடுத்தபோதும், அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைக்கச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி. பவுலின் உடன் ஊழியரான லூக்கா வைத்தியர். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்லுகிறது. மருந்தை நிலத்திலிருந்து தந்தவர் ஆண்டவரே என்கிறது. மூன்று முறை வேண்டியும் தம் சரீரத்திலிருந்த முள் நீங்கப்பெறாத பவுலை விசுவாசக் குறைவுள்ளவர் என்று யாரும் சொல்லத் துணிவதில்லை.

குணமானேன் என்று நம்புகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் நற்செய்தியிலேயே வழி இருக்கிறது. பத்துக் குஷ்டரோகிகளை இயேசு ஆசாரியரிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார். லேவியராகம முறைப்படி தோலைப் பார்த்து, நோய் நீங்கியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு அன்று ஆசாரியருடையது. இன்று அது மருத்துவருடையது. எனவே ஜெபித்தபின் பரிசோதனைக்குச் செல்லுங்கள். மருந்தைக் குறைப்பதையும் நிறுத்துவதையும் அவரே சொல்லட்டும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் அந்த மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். முதல் வகைச் சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. மாத்திரையை எறிந்துவிட்டேன் என்று மேடையில் சாட்சி சொல்ல அழைக்கப்படுகிறவரை, அறிக்கையைக் காட்டியபின் சாட்சி சொல்லலாம் என்று நிறுத்திவைப்பது அவருக்கும் கேட்பவர்களுக்கும் நன்மை.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் நடந்த வரலாறு நம் ஊரிலேயே இருக்கிறது. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாத காரணத்தால் ஒரே இரவில் இறந்ததைக் கண்டு, அதையே தமக்கு வந்த அழைப்பாக ஏற்று மருத்துவம் படித்தார். 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கிய மருத்துவமனையே இன்றைய சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அவர் 1918-இல் தொடங்கிய பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதன் கல்லூரியாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவரான சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார்.

கத்தோலிக்கர்கள், குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதலைக் கடைசி மூச்சுக்கு ஒத்திவைக்கும் வழக்கத்தை விட வேண்டும். 1972-இல் திருத்தியமைக்கப்பட்ட சடங்குமுறைப்படி, கடும் நோயுற்றவரும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவரும், முதுமையால் தளர்ந்தவரும் அதைப் பெறலாம். நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். குருவானவரைக் கண்டதுமே நோயாளி அஞ்சிவிடுவார் என்று தள்ளிப்போடுவதால்தான் அந்த அச்சமே நிலைத்திருக்கிறது.

வேளாங்கண்ணி நடைப்பயணம்

ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடியும் ஆரோக்கிய மாதா திருவிழாவுக்குக் காவி உடையில் நடந்துசெல்வோர், இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் நடந்து பழக வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. கொதிக்கும் தாரும் சிறு கண்ணாடித் துண்டும் அவர்களுக்கு வலியாகவே தெரியாது. வீட்டுக்குத் திரும்பியபின் தெரிவது ஆறாத புண்ணாக இருக்கும். பழகிய காலணியும் பருத்திக் காலுறையும் அணிந்து, ஒவ்வொரு இரவும் விரலிடுக்குவரை பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகாலையிலும் மாலையிலும் நடந்து, நடுப்பகலில் தங்கி, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை அருந்துங்கள். இருட்டில் சாலையோரம் நடப்பவர்கள் முதுகில் ஒளி எதிரொளிக்கும் பட்டையை ஒட்டிக்கொள்ளட்டும். நடக்க முடியாதவர் நேர்ச்சையை மாற்றித் தரும்படி பங்குத்தந்தையிடம் கேட்கலாம்.

நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது

வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள் என்பது மத்தேயு 25-இல் உள்ள வார்த்தை. போகுமுன் வீட்டாரிடம் நேரம் கேளுங்கள். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் போகாதீர்கள். வார்டுக்குள் நுழையுமுன்னும் வெளியே வந்தபின்னும் கைகழுவுங்கள். ஜெபிக்கலாமா என்று நோயாளியிடம் கேட்டபின் இரண்டு நிமிடம், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் ஜெபியுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபிறகுதான் வினை. உங்களைவிட மோசமாக இருந்தவரே பிழைத்துக்கொண்டார் என்ற கதையும் வேண்டாம்.

நோயாளியைவிடக் களைத்திருப்பவர் பெரும்பாலும் உடனிருப்பவர். அவர் எப்போது தூங்கினார், எப்போது சாப்பிட்டார் என்று கேளுங்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிச் செல்வதைவிட, மருந்துக் கடைக்குப் போய்வருவது, பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துவருவது, ஒரு வேளைச் சாப்பாட்டை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது ஆகியவை உதவும். நெடுநாள் நோய்க்கு ஒருவரே போய்க்கொண்டிருக்க முடியாது. ஆண்கள் வார்டுக்கு ஆண்களும் பெண்கள் வார்டுக்குப் பெண்களுமாக இரவில் தங்க முன்வருவோரின் பெயர்களை ஆலயத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்து, யாருக்கு எந்த இரவு என்று ஞாயிறுதோறும் வகுத்துக்கொள்ளுங்கள். முறை வந்தவர் இரவு எட்டு மணிக்குள் போய், உடனிருப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.